மணல் போகும் திசையும் கோப்பு போகும் திசையும்

பழவேற்காட்டு ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பசியாவரத்துக்கு அரசாங்கம் தட்டுப்பாடில்லாமல் வழங்கிவரும் சரக்கு ஒன்று உண்டு: ‘தொழில்நுட்பச் சிக்கல்.’ பாலம் கேட்டால் தொழில்நுட்பச் சிக்கல். முகத்துவாரம் அடைத்துக்கொண்டது என்றால் தொழில்நுட்பச் சிக்கல். கடலரிப்பு என்றால் ஆய்வு. ஆய்வு முடிந்தால் அதிலும் தொழில்நுட்பச் சிக்கல். ரேஷன் கடையில் பாமாயில் தீர்ந்துபோகும். இந்தச் சரக்கு மட்டும் எந்த ஆட்சியிலும் தீர்ந்ததில்லை.

பொறியாளர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, மனுவை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஜனங்கள் திரும்பிப் போகிறார்கள். போகட்டும். அப்படியென்ன பெரிய தொழில்நுட்பம் என்று நாம்தான் ஒருமுறை பார்த்துவிடுவோமே. கட்டுமானப் பொறியியல் மந்திர வித்தை கிடையாது. அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். விளங்கியதும் கோபம் வரும். அதற்கு நான் பொறுப்பில்லை.

மணலில் தொடங்குவோம். கடற்கரை மணல் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. அலை கரையில் சாய்வாக வந்து மோதுகிறது. மோதும்போது மணலைக் கிளப்பிக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிப் போடுகிறது. ஓர் அலைக்கு ஒரு கைப்பிடி. ஆண்டு முழுக்கக் கூட்டினால் லட்சக்கணக்கான கன மீட்டர். நம் சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மணல் வடக்கே போகும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். மீனவர்களுக்கு இதை யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. தெற்கிலிருந்து வரும் நீரோட்டமான தெண்டி ஓடுகிறதா, வடக்கிலிருந்து வரும் வன்னி ஓடுகிறதா என்று பார்த்துத்தான் அவர்கள் வலையைக் கடலில் இறக்குகிறார்கள். கணக்குத் தப்பினால் அன்றைக்கு அடுப்பு எரியாது. தப்பிய பிறகும் பதவி உயர்வு வாங்கும் வசதி கட்டுமரத்தில் கிடையாது.

வடக்கே போகும் மணலுக்குக் குறுக்கே கல்லைக் கொட்டிக் கடலுக்குள் ஒரு சுவர் எழுப்பினால் என்ன ஆகும்? தெற்குப் பக்கம் மணல் குவியும். வடக்குப் பக்கம் வரவு நின்றுபோகும். ஆனால் செலவு நிற்காது. அலை தன் பங்குக்கு அள்ளிக்கொண்டே இருக்கும். கரை கரையும். கடலோரப் பொறியியலின் பாதிப் பாடம் இவ்வளவுதான்.

இது புதிய கண்டுபிடிப்பா? 1875-இல் மதராஸ் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். சுவர் எழும்ப எழும்பத் தெற்கே மணல் சேர்ந்தது. அதுதான் மெரினா. வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை உள்வாங்கியது. துறைமுகத்தின் கிழக்கு வாசலிலேயே மணல் வந்து நின்றதால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் அந்த வாசலை மூடி வடகிழக்கில் வேறு வாசல் திறந்தான். மாலையில் மெரினாவில் சுண்டல் தின்றுகொண்டு காற்று வாங்குகிறோமே, அந்த மணல் வடசென்னைக்குப் போயிருக்க வேண்டியது. புனித ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்து கோப்பு பார்ப்பவர்கள் ஜன்னலைத் திறந்தால் போதும், ஒருபுறம் துறைமுகம், மறுபுறம் மெரினா. பாடப் புத்தகமே எதிரில் விரிந்து கிடக்கிறது. 150 ஆண்டாக யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை. ஏ.சி. வெளியே போய்விடுமாம்.

சரி, பாடம் படித்த அரசு அடுத்து என்ன செய்தது? வடக்கே எண்ணூரில் இன்னொரு துறைமுகம் கட்டியது. 2001-இல் திறந்தார்கள். அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளியில் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் இன்னொன்று. அதற்கு வடக்கே என்ன இருக்கிறது? ஒருபுறம் கடல், மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். நடுவில் ஒடுங்கிய மணல் திட்டு. அந்தத் திட்டின்மேல் கருங்காலி, கோரைக்குப்பம், வைரவன்குப்பம் என்று வரிசையாக மீனவக் குப்பங்கள். அப்புறம் பழவேற்காடு. வரவு நின்றுபோன மணலுக்குக் கணக்குத் தீர்ப்பவர்கள் இவர்கள்தான்.

காட்டுப்பள்ளியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் கடலோரச் சாலையை ஒரு புயலுக்கு மறுநாள் பார்க்க வேண்டும். தார் தெரியாது. முழங்கால் உயரத்துக்கு மணல். சாலையோரம் கடித்துத் துப்பியதுபோல் பிய்ந்து கிடக்கும். மின்கம்பம் ஒன்று கடலைப் பார்த்துக் கும்பிடு போட்டபடி சாய்ந்திருக்கும். மஞ்சள் நிற ஜே.சி.பி. ஒன்று மணலை வாரி ஓரமாகத் தள்ளும். அடுத்த சீற்றத்தில் கடல் அதையே திருப்பி எடுத்து வந்து சாலையில் போடும். மறுபடி ஜே.சி.பி. மறுபடி கடல். இந்த ஆட்டத்தில் கடலுக்குக் கூலி கிடையாது. ஜே.சி.பி.க்கு உண்டு. பில் மட்டும் கரை தவறாமல் போய்ச் சேரும்.

குப்பம் அரிக்கிறது என்று ஜனங்கள் சாலை மறியல் செய்தால் அரசிடம் ஒரு கைமருந்து இருக்கிறது. தூண்டில் வளைவு. இதுவும் கல்தான், கடலுக்குள் நீட்டிக் கொட்டிய கல். தூண்டிலுக்குத் தெற்கே மணல் பிடிக்கும், அந்தக் குப்பம் பிழைக்கும். வடக்கே உள்ள குப்பத்துக்கு அரிப்பு இடம் மாறும். அந்த ஊர் மறியல் செய்யும். அங்கே ஒரு தூண்டில் வளைவு. நோயை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு ‘குணமாகிவிட்டது’ என்று சீட்டு எழுதும் வைத்தியம் இது. இதில் ஒரு வசதி. வைத்தியருக்கு நோயாளி தீரவே மாட்டான்.

இனி முகத்துவாரம். ஏரியும் கடலும் சந்திக்கும் வாய் இது. பழவேற்காடு இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி. சிலிகாவுக்கு அடுத்தது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை நம்மிடம். பரப்பைப் பார்த்து ஆழத்தைத் தப்பாக நினைக்க வேண்டாம். பல இடங்களில் இடுப்பளவுதான் தண்ணீர். ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே வரும், வற்றத்தில் வெளியே போகும். வெளியே போகும் நீரின் வேகம்தான் வாயில் சேரும் மணலை அடித்துக்கொண்டு போகிறது. ஏரி தூர்ந்தால் உள்ளே வரும் நீர் குறையும். நீர் குறைந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் மணல் உட்காரும். மணல் உட்கார்ந்தால் இன்னும் குறைவான நீர்தான் வரும். வாய் மெல்ல மெல்ல மூடிக்கொள்ளும். முன்பெல்லாம் ஆரணியாற்று வெள்ளம் ஆண்டுக்கு ஒருமுறை வந்து அடைப்பை உடைத்துவிட்டுப் போகும். மேலே பிச்சாட்டூரில் அணை, வழியெல்லாம் அணைக்கட்டு, தடுப்பணை. வெள்ளத்தின் பலமும் குறைந்துவிட்டது.

வாய் மூடினால் யாருக்கு நட்டம்? இறால் குஞ்சு கடலில் பிறந்து இந்த வாய் வழியாகத்தான் ஏரிக்குள் வந்து வளர்கிறது. வாய் மூடினால் இறால் இல்லை. கோடையில் தண்ணீர் வற்றி உப்பு ஏறும். மீன் செத்து மிதக்கும். ஏரித் தண்ணீரில் மார்பளவுக்கு அமிழ்ந்து, கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குக் கையில் சேறுதான் மிஞ்சும். படகு கடலுக்குப் போக வழி இருக்காது. தரை தட்டிய படகை ஆறேழு பேர் இறங்கித் தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். அதனால்தான் பல ஆண்டு மீனவர்களே வீட்டுக்கு வீடு வசூல் போட்டு, பொக்லைன் வாடகைக்கு எடுத்து, தாங்களே வாயை வெட்டித் திறந்திருக்கிறார்கள். வரியும் கட்டு, வேலையும் நீயே செய். இதற்குப் பெயர் மக்கள் பங்கேற்பு.

நிரந்தரத் தீர்வும் இருக்கிறது. வாயின் இருபுறமும் கற்சுவர் கட்டி, ஆழப்படுத்தி, ஓட்டத்தை ஒடுக்கி வேகப்படுத்துவது. ஏறத்தாழ 27 கோடி ரூபாய்த் திட்டம். அ.தி.மு.க. ஆட்சியில் அறிவிப்பு. தி.மு.க. ஆட்சியில் வேலை. நடுவில் கடலோர ஒழுங்குமுறை மண்டலம், வனத்துறை, பறவைகள் சரணாலயம் என்று ஒவ்வொரு மேசையாகக் கோப்பு நின்று நின்று போனது. பறவையைக் காக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. கற்சுவர் கட்டினால் வடக்கே அரிக்கும் என்று இப்போதுதான் பார்த்தோம். ஆகவே துருவித் துருவிக் கேட்பதும் நியாயம். ஆனால் இந்தக் கவனம் எல்லோருக்கும் ஒரே அளவில் வழங்கப்படுகிறதா? அங்கேதான் பற்றிக்கொண்டு வருகிறது.

காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018-இல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. அதற்கு ஒரு விரிவாக்கத் திட்டம் தயாரானது. இப்போது சுமார் 330 ஏக்கர், அதை 6,111 ஏக்கர் ஆக்க வேண்டும். ஏறக்குறைய 2,000 ஏக்கருக்குக் கடலையே தூர்க்க வேண்டும். செலவு சுமார் 53,000 கோடி ரூபாய். முகத்துவாரத்துக்கு 27 கோடி தேடக் கஜானாவைத் துழாவிய ஊரில், கடலைத் தூர்க்க மணல் எங்கே என்று யாருக்கும் தொழில்நுட்பச் சிக்கல் வரவில்லை. ஏரி வாயில் ஒரு கல் போட்டால் சூழலியல் பதறுகிறது. கடலில் 2,000 ஏக்கர் கல்லும் மண்ணும் போட்டால் அதற்குப் பெயர் வளர்ச்சி.

இந்தத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22 என்று நாள் குறித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது, தள்ளிவைத்தார்கள். அன்றைய எதிர்க்கட்சி, திட்டத்தை எதிர்த்து முழங்கியது. அப்புறம் அதுவே ஆளுங்கட்சியானது. 2023 செப்டம்பர் 5 என்று மறுபடி நாள் குறித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது, மறுபடி தள்ளிவைத்தார்கள். தள்ளிவைப்பதும் கைவிடுவதும் ஒன்றல்ல என்பது வாய்தா வாங்கிப் பழகிய எவருக்கும் தெரியும்.

அந்தக் கூட்டம் நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? ஒரு பெரியவர் எழுந்து, “சார், நீங்க கல்லு கொட்டினா மண்ணு எந்தப் பக்கம் போவும்?” என்று கேட்டிருப்பார். மேடையில் இருப்பவர், “ஐயா, கணினி மாதிரி போட்டுப் பார்த்துட்டோம், பாதிப்பு மிகக் குறைவு” என்று சொல்லியிருப்பார். “கம்ப்யூட்டரு எங்க குப்பத்துல குடியிருக்குதா சார்?” என்று பெரியவர் கேட்டிருப்பார். குறிப்பேட்டில், ‘பொதுமக்கள் சில ஐயங்களை எழுப்பினர், அவை தெளிவுபடுத்தப்பட்டன’ என்று பதிவாகியிருக்கும். அறிக்கை முடிந்தது. பிஸ்கட் வந்திருக்கும்.

வரைபடத்திலும் நமக்குச் சாமர்த்தியம் உண்டு. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் இருந்தது. கட்டடம் எழுப்பக் கூடாத பகுதி என்று குறித்திருந்தார்கள். பின்னாளில் புழக்கத்துக்கு வந்த இன்னொரு வரைபடத்தில் கழிமுகத்தைக் காணோம். பல ஆயிரம் ஏக்கர் தண்ணீர் காகிதத்தில் ஆவியாகிவிட்டது. 2017-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட பிறகுதான் இந்த மாயம் வெளியே வந்தது. கடலைத் தூர்க்க டிரெட்ஜர் வேண்டும். கழியைத் தூர்க்க ஓர் அழிப்பான் போதும்.

பாலத்துக்கு வருவோம். பழவேற்காட்டிலிருந்து பார்த்தால் பசியாவரம் கண்ணுக்குத் தெரியும். கூப்பிடு தூரம். நடுவில் ஏரி. பள்ளிக்கூடம் என்றாலும் படகு, பிரசவ வலி என்றாலும் படகு என்று பல தலைமுறை ஓடியது. ஆற்றில் வெள்ளம் வந்தால் இடமணி, பசியாவரம் பக்கமெல்லாம் தீவு. பாலம் கேட்டுக் கேட்டு, மனு எழுதியவர்களின் பிள்ளைகள் மனு எழுதும் வயதுக்கு வந்தார்கள். ஒருவழியாக வேலை தொடங்கிய பிறகும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

ஏரியில் பாலம் கட்டுவது அவ்வளவு கடினமா? ஏரித் தரை களியும் மணலும். துளையிட்டு மண்ணை எடுத்துச் சோதித்து, கெட்டித் தரை வரைக்கும் பைல் இறக்கி, அதன்மேல் தூண், தூணின்மேல் உத்திரம், உத்திரத்தின்மேல் தளம். வேலை நுட்பமானது. ஆனால் உலகம் இன்னும் கற்றுக்கொள்ளாத வேலை இல்லை. பாம்பனில் 1914-லேயே கடல்மேல் ரயில் ஓட்டிவிட்டார்கள். இரண்டு கிலோமீட்டர். ஏறக்குறைய இடுப்பளவு ஆழ ஏரியில் என்ன சிக்கல்?

இதே ஏரியின் அந்தக் கரையில் ஸ்ரீஹரிகோட்டா. சூலூர்ப்பேட்டையிலிருந்து அங்கே போக, ஏரியின் குறுக்கே மண்ணைக் கொட்டி மேடாக்கிச் சாலையே போட்டார்கள். தண்ணீர் வடக்கும் தெற்கும் தாராளமாகப் போய்வர முடியாமல் ஏரி இரண்டுபட்டது. தேசத்துக்காக ஏரி பொறுத்துக்கொண்டது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 அங்கிருந்து கிளம்பியது. 40 நாளில் நிலவின் தென்துருவப் பக்கம் போய் இறங்கியது. கைதட்டினோம், தட்ட வேண்டியதுதான். ராக்கெட் விடும் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு வரும். அந்த உத்தரவு மட்டும் ஏரியைத் தாண்டிக் குறித்த நேரத்துக்கு வந்துவிடும். அதற்குப் பாலம் தேவைப்படவில்லை.

கட்டிய பிறகாவது நிற்குமா? உப்புக் காற்றில் உள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். உள்ளேயிருந்தே கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். இதற்கும் விதி இருக்கிறது. ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு. கடல்நீர் தெறிக்கும் இடத்தில் கான்கிரீட் எம்-35 தரத்துக்குக் குறையக் கூடாது. கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவே 50 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும். வேலைத்தளத்தில் இதைக் ‘கவர்’ என்பார்கள். நம் ஊரில் என்ன சிக்கல் என்றால், கம்பிக்குப் போக வேண்டிய கவர் வேறு எங்கெங்கோ போய்விடுகிறது.

கடலோரத்தில் அரசு கட்டிக்கொடுத்த எந்தத் தொகுப்பு வீட்டுக்குள்ளும் போய் அண்ணாந்து பாருங்கள். உள்ளங்கை அகலத்துக்குச் சிமெண்ட் பெயர்ந்திருக்கும். உள்ளே செம்பழுப்பாகக் கம்பி. நகத்தால் நிமிண்டினால் ஏடு ஏடாக உதிரும். அந்த இடத்துக்கு நேர் கீழே யாரும் பாய் விரிப்பதில்லை. வீட்டுக்காரர்கள் சுவரோரமாக ஒதுங்கிப் படுக்கிறார்கள். பட்டா முழு வீட்டுக்கும் உண்டு. உயிருக்கு உத்தரவாதம் ஓரத்துக்கு மட்டும்.

பழவேற்காட்டிலேயே டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு. நுழைவாயிலில் எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள். கல்லும் சுண்ணாம்பும்தான், துருப்பிடிக்க உள்ளே கம்பி இல்லை. அது நியாயமான காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் செத்தவர்களுக்கு வெள்ளைக்காரன் கட்டியது 350 ஆண்டு தாண்டியும் நிற்கிறது. உயிரோடு இருப்பவர்களுக்கு நாம் கட்டியது பேரன் பிறக்கும் வரைக்கும் தாங்குவதில்லை.

அறிவில்லாதவர்கள் என்று யாரைச் சொல்வது? இந்த ஏரியின் சில ஊர்களில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எவர் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்வார்கள். நல்ல இடமும் மோசமான இடமும் எல்லோருக்கும் சுற்றி வரும். எஸ்டிமேட் இல்லை, டெண்டர் இல்லை, திருத்திய எஸ்டிமேட் இல்லை, திருத்தியதைத் திருத்திய எஸ்டிமேட் இல்லை. பங்கீடு என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் தண்ணீரில் நிற்கிறார்கள். தெரியாதவர்கள் மேடையில் உட்கார்ந்து அவர்களுக்கு விழிப்புணர்வு முகாம் நடத்துகிறார்கள்.

பாலமோ சாலையோ கட்டும் ஒப்பந்ததாரருக்குக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று உண்டு. அதற்குள் விரிசல் விட்டால் அவர் செலவில் சரிசெய்ய வேண்டும். காகிதத்திலாவது உண்டு. கடலுக்குள் கல் கொட்டியவருக்கு அப்படி ஒரு காலம் இல்லை. கரை போனால், வீடு போனால், மாரியம்மன் கோயில் போனால் யார் செலவு? அள்ளிப்போன மணலுக்கு ரசீது யார் தருவது?

ஆகவே ஒரே ஒரு பக்கம் கேட்கிறோம். இனி இந்தக் கரையில் எது கட்டினாலும், துறைமுகமோ தூண்டில் வளைவோ, அனுமதியோடு ஒரு பக்கம் இணையுங்கள். இதனால் மணல் எங்கே நிற்கும், எந்தக் குப்பத்தின் கரை எத்தனை ஆண்டில் எவ்வளவு போகும், போனால் யார் பணம் கட்டுவார் என்று அதில் எழுதுங்கள். எழுதிய பொறியாளர், ஒப்புக்கொண்ட செயலாளர், கட்டும் முதலாளி மூவரும் பெயர் போட்டுக் கையெழுத்திடுங்கள். திறப்பு விழாக் கல்வெட்டில் அமைச்சர் பெயருக்குக் கீழே அதையும் பொறியுங்கள். கல்லுக்கா பஞ்சம்?

செய்ய மாட்டீர்கள். அடுத்த புயலுக்கு இன்னும் நாலு வீடு போகும். ‘இயற்கைச் சீற்றம்’ என்று கோப்பில் எழுதிவிட்டு ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி கொடுப்பீர்கள். கடல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அதன்மேல் வழக்குத் தொடர முடியாது என்ற தைரியத்தில்தானே எல்லாப் பழியையும் அதன் தலையில் கட்டுகிறீர்கள்? கையெழுத்துப் போட்டவர்கள்மேல் தொடரலாம்.